ஏழு எழுத்தில் ஒன்று

…கே என்று சொல்லியாயிற்று, சொன்னதை இனி வாய்க்குள் திரும்ப இழுக்க முடியாது, இழுக்கச் சொல்லி யார் அழுதார்கள், ஆர், வை, ஏ, என், யூ, எல், கே, ஏழு கட்டம், நடுக்கட்டத்தில் என், நடுவில் இருப்பது எல்லாச் சொல்லிலும் வந்தாக வேண்டும், நாலு எழுத்துக்குக் குறையக் கூடாது, ஏழையும் சேர்த்தால் ஒரே ஒரு பெரிய சொல் வரும், மண்டையைக் குடைவது அந்தச் சொல்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு அச்சடித்திருக்கும் அந்தச் சனியனுக்கு முன்னால் எட்டு மாதமாக உட்கார்ந்து எழுந்ததில் இருளாயிக்குச் சட்டதிட்டமெல்லாம் அத்துப்படி. எதிரே பிரம்பு நாற்காலியில் ஸ்டானிஸ்லாஸ், ஒரு காலத்தில் லகாட் ஊருக்கு அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் டிரசர், ஊசி போட்டு மருந்து கொடுத்து இருநூறு குடும்பத்தின் உயிரைக் கைக்குள் வைத்திருந்த மனிதர், இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று குரல் வந்தால்தான் தெரியும். "மறுக்கா சொல்லு" என்றார். சொன்னாள். கட்டத்தில் அச்சாகியிருந்தது டி. அவள் வாயில் வந்தது இரண்டாம் தடவையும் கே.

இந்த எழுத்துகள் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தவை அல்ல, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி, இங்கிலீஷ் அவளுக்கு அழுக்குத் துணியில் வந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று லயத்து வீடுகளை இடித்த பிறகு ஈப்போ டவுனுக்கு வந்தவளுக்குக் கிடைத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை, பத்து வருஷமாக அதுதான், ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சலவைக்குப் போகாத கறுப்பு மை முத்திரை, ஏ ஆண்கள் வார்டு, சி பெண்கள் வார்டு, டி ஆப்பரேசன் அறை, அதில் இரத்தம் இருக்கும், தனியாக ஊறப்போட வேண்டும், எம் பிரசவம், கே பிள்ளைகள். கே துணிகள் சின்னச் சின்னதாக இருக்கும், வாந்தியும் மூத்திரமும் தவிர அவற்றில் பெரிய அழுக்கு இருக்காது, ஆனால் அவற்றை மடிக்க அவளுக்கு மற்றவர்களைவிட நேரமாகும், மேற்பார்வைக்காரி அதற்காக ஏசுவாள். ஆக எழுத்து தெரியும், சொல் தெரியாது. சொல் வந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வருகிற இந்த வீட்டில். அவர் கண்டுபிடித்ததை எழுத்தெழுத்தாகச் சொல்வார், இவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள், எழுதி எழுதி இப்போது சில சொற்கள் பாசார்ச் சந்தையில் பார்த்த முகம் மாதிரி அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டன, கூப்பிடாமலே வந்து நிற்கின்றன. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் யார் இருக்கிறார்கள்.

"லூனார்" என்றார் கிழவர், கண்ணை மூடிக்கொண்டே. "எழுதிக்க. எல், யூ, என், ஏ, ஆர். நிலாவப் பத்துனது." எழுதினாள். ரேங்க், லேங்க், யேங்க், யார்ன், லூனார், ஐந்தாயிற்று. ரேங்க்கும் லேங்க்கும் யேங்க்கும் அடுத்த வாரத்து விடையில் வரப்போவதில்லை, அவற்றில் கே இருக்கிறது, பாவம், அவருக்குத் தெரியாது. இன்றைக்குக் கிழவர் முகம் கழுவித் தலை வாரிச் சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு, மாதா கோயிலுக்குப் போகிறவர் மாதிரித் தயாராக உட்கார்ந்திருந்தார், காரணம் இருக்கிறது. அவர் மகள் அகதா, ஈப்போவில் பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள், காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று இருளாயியிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் போனாள், "இன்னிக்கு ஒரு மணிக்குள்ள கோப்பெங்குக்கு போன் பண்ணிச் சொல்லணும்க்கா, சிஸ்டர்ங்க நடத்துற வயசானவங்க ஹோம்ல ஒரு கட்டில் காலியா இருக்காம், வேணாம்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. டாடிகிட்ட பேசிட்டேன். அவரு என்னா சொல்றாரு தெரியுமா, இந்த வாரத்து ஏழெழுத்தக் கண்டுபிடிச்சிட்டா நான் எங்கயும் போகமாட்டேன், கண்டுபிடிக்காட்டி நீ சொன்ன எடத்துக்கு வாரேன்னு சொல்றாரு. சின்னப் பிள்ளை மாதிரி. நானும் சரின்னுட்டேன், வேற என்னா செய்ய." சொல்லும்போது டீச்சர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நல்ல பெண், தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறவள், இருளாயியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், கூப்பிடட்டும், அதற்காக டி என்று சொல்லிவிட முடியுமா.

தானாக நடந்ததா இது, ஒரு நாளில் நடந்ததா… ஏழு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தது அல்லவா. முதல் தடவை மாற்றியது ஒரே ஒரு எழுத்து. கிழவர் அரை மணி நேரம் முட்டிமோதிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், "வயசாகுதுலா" என்றார். அடுத்த ஞாயிறு விடை வாசிக்கச் சொன்னார், அதை மட்டும் உள்ளதை உள்ளபடி வாசித்தாள், ஒரு எழுத்து பிசகவில்லை. "அதுல எப்பிடி பி வரும்? நீ போன வாரம் பி சொல்லலியே" என்றார். "சொன்னேங்கய்யா. பி இருந்துச்சு. நீங்கதான் மறந்துட்டீங்க." அவ்வளவுதான், இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே தோன்றியது. பழைய பேப்பரை, அகதா எடுத்துப் பார்த்துவிடாமல், அவளே மீன் வாங்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவாள். போன வாரம் விடை வந்த சொல் சிக்கன். ஆட்டைக் கோழியை அறுக்கிற வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல், இரண்டு சியில் ஒன்றை ஜி ஆக்கிவிட்டாள், கிழவர் மத்தியானம் வரைக்கும் வியர்த்து விறுவிறுத்துச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடை தெரிந்தபோது அகதா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதாள், சிக்கன்கூட வரல்லியே டாடிக்கு, அவருக்கு எழுத்தே மறந்து போகுதுக்கா. ஆமாம் டீச்சர், பாவம், என்று இருளாயி முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவின கை சோப்பும் துணி வெளுக்கிற ஜாவெல் தண்ணீரும் தின்று சொரசொரத்த கை, அது அந்தப் பெண்ணின் நல்ல சட்டையில் நூல் இழுத்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வெட்கமாக இல்லையா? இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நேரம் தோன்றும், ஆனால் இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள், மரம் வெட்டை முடித்து ரப்பர்ப் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்கு வந்தால், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்காரி வழியிலேயே ஓடி வந்தாள், பத்துமலைக்கு உடம்பு கொதிக்குது, கண்ணு சொருகுது என்று. அவளுடைய மூன்று வயது பிள்ளை, பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பிறந்ததால் அந்தப் பெயர், தலையில் நல்ல முடி. தோளில் போட்டுக்கொண்டு மருந்து கொடுக்கும் கட்டடத்துக்கு ஓடினாள், அங்கே ஒரு அரைக்கதவு உண்டு, இடுப்பு உயரத்துக்கு, பச்சைப் பெயிண்ட் அடித்தது. லயத்துச் சனம் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், உள்ளே மேசையில் டிரசர் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் கதவைத் தள்ளலாம், தட்டாமல் தள்ளினவர்களை அவர் எல்லோருக்கும் முன்னால் கேட்கும் கேள்வியில் மறு தடவை காய்ச்சல் வந்தாலும் படுத்தே கிடப்பார்கள். யார் எழுதி வைத்த சட்டமும் இல்லை, எல்லோருக்கும் தெரியும், பூட்டு இல்லாத கதவு அது, ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். அவர் உள்ளே இருந்தார். பேப்பரை மேசையில் விரித்து, கையில் பென்சில், கட்டத்தைப் பார்த்துக்கொண்டு. ஐயா என்றாள். ஐயா, பிள்ளைக்கு இழுக்குதுங்க. மூன்று தடவை சொன்னாள், மூன்றாம் தடவை சத்தமாகவே சொன்னாள், அவர் தலை நிமிரவில்லை, பென்சில் முனையை உதட்டில் வைத்து எதையோ முணுமுணுத்தார். நாலடி தூரம். காது இருக்கிறவனுக்குக் கேட்கும். தோளில் பிள்ளை இரண்டு தடவை விறைத்துத் தளர்ந்தது, மூன்றாம் தடவை தளர்ந்தது மட்டும் தெரிந்தது. ஆலைச் சங்கு ஊதியது. அப்புறம் அவர் பேப்பரில் என்னமோ எழுதினார், எழுதிவிட்டுச் சிரித்தார், பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் உள்ளே போனபோது அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டு இன்னும் போகவில்லை, சிரிப்போடுதான் பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் லாரி, ஈப்போ ஆஸ்பத்திரி, எல்லாம் சும்மா.

எது மறந்தாலும் அந்தச் சிரிப்பு மறக்குமா, கேட்டுக்கொண்டே ஒருத்தியை நிற்க வைத்துவிட்டு ஒருவன் சிரித்துக்கொண்டு எழுந்து வருவானா, வந்தானே. புருஷன் மாயாண்டி அன்றைக்குச் சாயங்காலம் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "நீ ஏன்டி உள்ள போகல்ல?" அப்புறம் அவன் குடித்தான், அப்புறம் எங்கேயோ போய்விட்டான், கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். பதிமூன்று வருஷமாக அவள் சொல்லிக்கொள்ளும் பதிலும் ஒன்றே ஒன்றுதான், அந்த டிரசருக்குக் கேட்டது, கேட்டும் நிற்க வைத்தான். அந்தப் பதில் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும், பச்சைக் கதவும் இவள் விரலும்தான் மிஞ்சும். போன வருஷக் கடைசியில் ஈப்போவுக்குள்ளேயே புந்தோங்கில் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி வந்து நின்றபோது, பிரம்பு நாற்காலியில் இருந்தவரை அவளுக்குப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டார், சொன்னாள். "அட, நான் அங்க பதினெட்டு வருஷம் இருந்தவன்லா, டிரசர், தெரியுமா?" தெரியுங்கய்யா. அவ்வளவுதான் பேச்சு. முதல் மாதம் முழுக்க எழுத்தைச் சரியாகத்தான் வாசித்தாள், இரண்டாம் மூன்றாம் மாதமும், ஆறாம் மாதம் வரைக்கும் சரியாகத்தான். அவர் ஒவ்வொரு வாரமும் ஏழெழுத்தைப் பிடித்துவிடுவார், பிடித்ததும் கையைத் தட்டுவார், அவளுக்கும் ஒரு காப்பி போட்டுக் குடிக்கச் சொல்வார். ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள், ஐயா, தோட்டத்துல ஒரு பொம்பள, நான் இல்ல, வேற ஒருத்தி, பிள்ளைய தூக்கிக்கிட்டு உங்க கதவுகிட்ட நின்னாளே, இழுப்பு வந்த பிள்ளை, ஞாபகம் இருக்குங்களா. கிழவர் யோசித்தார், உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "தோட்டத்துல பிள்ளை சாவுறதெல்லாம் ஒரு விஷயமா, இருளாயி. மழைக்காலத்துல வாரத்துக்கு ஒண்ணு போகும். எதைன்னு ஞாபகம் வச்சிக்கிறது? சரி, அடுத்த எழுத்தச் சொல்லு." அடுத்த எழுத்து பி. அவள் பி சொல்லவில்லை.

"யூ… எல்… என்…" கிழவர் விரலால் முழங்காலில் எழுதி எழுதிப் பார்த்தார். கேயை முதலில் வைத்தார், கடைசியில் வைத்தார், நடுவில் வைத்தார், அது எங்கேயும் உட்காரவில்லை, எப்படி உட்காரும், வராத விருந்தாளிக்கு இலை போட்டால். கழுத்தில் நரம்பு துடித்தது. இருளாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். கோப்பெங் ஹோமில் இவருக்கு யார் எழுத்து வாசிப்பார்கள், சிஸ்டர்கள் ஜெபம் வாசிப்பார்கள், சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான், சுவரும் தெரியாது. தான் மூளை கெட்டுப்போனவன் என்று நம்பிக்கொண்டு, எந்த எழுத்தைப் பிடித்தாலும் அது கையில் மாறிப்போகிறது என்று பயந்துகொண்டு, அங்கே கிடக்கட்டும். "நீயும் ஏதாச்சும் பாரேன்" என்றார் திடீரென்று, கெஞ்சலாக, "இவ்வளவு நாளா எழுதுறியே, ஒரு சொல்லாச்சும் உனக்குத் தோணாதா?" எனக்கு என்னாங்கய்யா தெரியும், என்றாள், என்றாலும் கண் கட்டத்துக்குப் போயிற்று, அச்சாகியிருந்த உண்மையான ஏழுக்கு. ஆர், வை, ஏ, என், யூ, எல், டி. டி ஏயைத் தேடியது, ஏ எல்லைத் தேடியது… எல், ஏ, என், டி. லேண்ட். அட. அது அவள் நோட்டில் எப்போதோ எழுதின சொல், நிலம். கிழவருக்கு இது கிடைக்காது, அவரிடம் டி இல்லை, அவளிடம்தான் இருக்கிறது. அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

லேண்ட் போக மிச்சம் ஆர், வை, யூ. யூவை எங்கே வைப்பது, ஏக்குப் பக்கத்தில் வைத்தால்… ஏ, யூ, இப்படி ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறாள், எங்கே, நோட்டில் இல்லை, பேப்பரிலும் இல்லை, பெரிய எழுத்தில், வெள்ளைப் பெயிண்டில்… வை கடைசியில் நிற்கும், வால் நீட்டிக்கொண்டு, அந்த வாலில் பெயிண்ட் உதிர்ந்து போயிருக்கும். எல் முதலில். அப்புறம் ஏ, அதில் ஒரு நசுங்கல், லிப்ட் கதவில் இடித்தது. தள்ளுவண்டி. பத்து வருஷமாக ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கும் ஐந்தாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கும் தள்ளுகிற தகர வண்டி, அதன் முதுகில் முகத்துக்கு நேரே எழுதியிருப்பது, தினமும் பார்க்கிறாள், ஒரு நாளும் வாசித்ததில்லை. எல், ஏ, யூ, என், டி, ஆர், வை. எண்ணினாள், ஏழு. விரலால் கட்டத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டு அடித்தாள், ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. லாண்டரி. தினம் வாயால் சொல்கிற சொல், நான் லாண்டரியில வேலை பார்க்கிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், அது இத்தனை நாள் இந்த ஏழு எழுத்தாகத் தன் கண் முன்னாலேயே நின்றதா. மறுபடி அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள், ஒவ்வொரு தடவையும் சரியாக வந்து உட்கார்ந்தது. உள்ளுக்குள் என்னமோ ஒன்று, பசி ஆறின மாதிரி, இல்லை, அதைவிடப் பெரிதாக. இதில் இன்னும் என்ன என்ன இருக்கும், நடுவில் என் வர வேண்டும், டார்ன், அது ஒரு சொல்லா, இருக்கும், எழுதிப் பார்த்தாள், பென்சிலை எப்போது கையில் எடுத்தாள் என்று தெரியவில்லை.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அகதா. வியர்வையில் நனைந்து, முகம் சிவந்து, கையில் ஜெபப் புத்தகம், பக்கத்து வீட்டுப் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். "என்னாக்கா நீங்க, கேட்டைப் பூட்டி சாவிய உள்ள வச்சிட்டு, பத்து நிமிசமா வெயில்ல நின்னு கத்துறேன், கிரில்லப் போட்டு ஆட்டுறேன், சன்னல் வழியா உங்களப் பாக்குறேன், நீங்க நிமிரவே இல்லையே." கேக்கல்லைங்க டீச்சர், என்றாள் இருளாயி. வேலைக்காரி எல்லோரும் சொல்கிற பதில்தான், வாய் அதைத் தயாராக வைத்திருக்கும், சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. உண்மையாகவே கேட்கவில்லை. கேட் இந்தச் சன்னலுக்கு நேரே இருக்கிறது, கிரில்லை ஆட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவளுக்கு நல்ல காது, ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி தள்ளிப் பிள்ளை அழுதாலும் கேட்கும். எங்கே போயிற்று இந்தப் பத்து நிமிஷம்? காது இருந்தும் கேட்காமல் போகுமா ஒரு ஆளுக்கு, போகும் போலிருக்கிறதே… அப்படியென்றால் அன்றைக்கு… இல்லை. இல்லை, அவனுக்குக் கேட்டது. நாலடி. சத்தமாகச் சொன்னாள், மூன்று தடவை. கேட்டிருக்கும்தானே?

"கிடைச்சிச்சா டாடி?" என்று அகதா கேட்டாள், பதில் தெரிந்தவள் கேட்பது போல் மெதுவாக. கிழவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "இல்லம்மா. எழுத்து நிக்க மாட்டேங்குது." அகதா கொஞ்ச நேரம் அவர் தலையில் கை வைத்திருந்தாள், பிறகு கூடத்து மூலையில் இருந்த போனுக்குப் போனாள், எண்ணைச் சுற்றும் சத்தம் கேட்டது, இப்போது எல்லாம் நன்றாகவே கேட்டது, ஹலோ சிஸ்டர், நான் புந்தோங்கிலேருந்து அகதா பேசுறேன். இருளாயி கையைப் பார்த்தாள், அதில் பென்சில் இருந்தது, நோட்டில் அவள் கையெழுத்தில் ஏழு எழுத்தும் வரிசையாக இருந்தன, தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், கேட்டுச் சாவிக்குப் பக்கத்தில். பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், எப்போது கூப்பிட்டாலும் உடனே வருகிற முகம், இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"இருளாயி" என்றார் கிழவர், குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்கக் கூடாதென்று. "அவ போன் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு தடவ வாசிச்சிடு. கடைசியா ஒரு தடவ. மெதுவா வாசி." கை நாற்காலிக் கையைப் பிடித்திருந்தது, நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு. இருளாயி பேப்பரை எடுத்தாள். மூலையில் டீச்சர், சனிக்கிழமை காலையில கூட்டிக்கிட்டு வரலாமா சிஸ்டர், துணிமணி என்னா என்னா கொண்டாரணும், என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆர், என்றாள் இருளாயி. வை. ஏ. என். யூ. எல். கிழவரின் உதடுகள் ஒவ்வொன்றையும் கூடவே சொல்லின. கே, என்றாள் அவள், சொல்லி முடித்த பிறகுதான், இந்தத் தடவை அதை எதற்காகச் சொன்னோம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.